கொழுந்தன் மேல் ஒரு புகார்

அத்தியாயம் 9

போன வாரம் ஆனந்தவல்லியை மில்லின் சாப்பாட்டு அறையில், பாதி தின்ற தயிர்சாதத்தோடு விட்டுவிட்டு வந்தோம். எதிரே கலைமகள் நின்றுகொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் பிளாஸ்திரி. அதுநாள்வரை வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிட்ட பெண், அன்றைக்கு "மேடம்" என்று ஆரம்பித்தாள்.

"மேடம், உள் புகார் குழுவுக்கு நீங்கதானே தலைவி? சதீஷ் சார் மேல நான் புகார் குடுக்கணும். எனக்கு ரொம்ப நாளாத் தொல்லை குடுக்கறாரு."

சதீஷ் அந்த மில்லின் நெல் கொள்முதல் சூப்பர்வைசர். ஆனந்தவல்லியின் கணவர் தியாகராசனுக்கு ஒரே தம்பி. அவள் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டையோடு அண்ணி பின்னாலேயே சுற்றியவன். அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். இந்த வேலையைக்கூட முதலாளி லியாகத் அலியிடம் சொல்லி அவள்தான் வாங்கிக் கொடுத்தாள்.

குழு பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நீடாமங்கலத்துக்கு வெளியே இருக்கிற அந்த மில்லிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு அரிசி போகிறது. வாங்குகிற கம்பெனிக்காரன், பெண்கள் புகார் சொல்லக் குழு இருக்கிறதா என்று கேட்டான். உடனே ஆபீஸ் மேனேஜராக இருந்த ஆனந்தவல்லியைத் தலைவியாக்கி, கும்பகோணத்திலிருந்து ஜன்னத் பீவி என்ற வக்கீலை வெளி உறுப்பினராகப் போட்டு, போர்டு மாட்டி, போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் அந்த போர்டுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. வேறு உபயோகம் இருந்ததாகத் தெரியவில்லை.

"நாளைக்கு எழுதிக் கொண்டாந்து குடுக்கறேன் மேடம். வேற யாருக்கும் தெரிய வேணாம்" என்றாள் கலைமகள். ஆனந்தவல்லி தலையை ஆட்டினாள்.

அன்று சாயங்காலமே தியாகராசனுக்குத் தோசை வார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

நீங்கள் அவளைத் திட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். திட்டுங்கள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து மில் சமாசாரம் எல்லாம் அவர் தட்டில் தோசையோடு சேர்ந்தேதான் விழுந்துகொண்டிருந்தது. புருஷனிடம் சொல்வதை வெளியே சொல்வதாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவரும் கத்தவில்லை, குதிக்கவில்லை. "பொண்ணு எந்த ஊரு? யாரு வீட்டுப் பொண்ணு?" என்று மட்டும் கேட்டார். சொன்னாள். இன்னொரு தோசை போடச் சொன்னார். மனுஷர் நிதானமாக எடுத்துக்கொண்டார் என்று அவளுக்கு ஒரே நிம்மதி.

மறுநாள் காலை கலைமகள் வேலைக்கு வரவில்லை.

குறுவை அறுவடை உச்சத்தில் இருந்தது. ரெண்டு நாள் மழையில் நனைந்த நெல்லோடு லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நின்றன. நெல்லில் ஈரப்பதம் பார்த்துச் சொல்கிறவள் கலைமகள். அவள் இல்லாததால் லேப் வாசலில் ஒரே சத்தம்.

ஆனந்தவல்லி கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் சாப்பாட்டு அறையில் கலைமகள் சொன்னதெல்லாம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. லாரி டிரைவர்கள் முன்னால் சதீஷ் அவளை "நம்ம கொழுந்தியா" என்று கூப்பிடுகிறான். ராத்திரியில் மெசேஜ் அனுப்புகிறான், "மாமாவுக்கு குட்நைட் சொல்ல மாட்டியா?" என்று. குடோனில் மூட்டைகளுக்கு நடுவே வழியை மறித்துக்கொண்டு நிற்கிறான். ஆயுத பூஜையன்று எல்லோரும் பொரி கடலை வாங்கப் போயிருந்த நேரத்தில், கண்ணாடி வளையலை வாங்கி வந்து, வேண்டாம் வேண்டாம் என்று அவள் இழுக்க இழுக்கக் கையைப் பிடித்து மாட்டிவிட்டிருக்கிறான். வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது. கோணி ஊசி குத்திவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

கேலியா இது, தொல்லையா?

ஆனந்தவல்லிக்கு நிஜமாகவே புரியவில்லை. அவளும் முறைப்பையன்கள் நிறைந்த ஊரில் வளர்ந்தவள்தான். திருவிழாவில் மஞ்சத்தண்ணி ஊற்றுவார்கள், சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள், கடையில் வளையல் வாங்கிக் கொடுத்துப் பாட்டுப் பாடுவார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். பிடித்துச் சிரித்தோமா, எல்லோரும் சிரித்ததால் சிரித்தோமா? ஒரு வருஷம் ஒருத்தன் மஞ்சத்தண்ணியை ஊற்றிவிட்டுக் கையை எடுக்காமல் நின்றான். அன்றைக்கும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுத் திரும்பவும் ஒரு தடவை குளித்தாள். அதை ஏன் இப்போது நினைக்கிறோம் என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

போனை எடுத்து ஜன்னத் பீவியைக் கூப்பிட்டாள்.

"ஒரு சந்தேகங்க. எங்க மில்லுல இல்ல. வேற ஒரு கம்பெனி. என் சிநேகிதி ஒருத்தி அங்க குழுத் தலைவி."

"சொல்லுங்கம்மா. பஸ்ல இருக்கேன், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"ஒரு பையன், முறை இருக்குங்கற நெனப்புல ஒரு பொண்ணைக் கேலி பண்ணியிருக்கான். அந்தப் பையன் என் சிநேகிதிக்குச் சொந்தக்காரன். அதனால அவளுக்கு..."

"உங்க சிநேகிதி கம்பெனிலயும் லாரி ஹாரன் உங்க மில்லு மாதிரியேதான் கேக்குது."

ஆனந்தவல்லி எட்டி ஜன்னலைச் சாத்தினாள். ஜன்னத் பீவி மேலே தோண்டவில்லை. பின்னால் யாரோ குழந்தைக்குப் பொறை ரொட்டி வாங்க வேண்டுமென்று நடத்துநரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கேலியா இல்லையாங்கறதை அந்தப் பையன் மனசைக் கேட்டு முடிவு பண்றதில்லைம்மா. அந்தப் பொண்ணு வேணாம்னாளா? அதுக்கப்புறமும் நடந்துச்சா? அதான் விசாரணை. சொந்தக்காரங்க தலைவியா உக்காரக் கூடாது, விலகிக்கச் சொல்லுங்க. புகாரை அந்தப் பொண்ணு நேரா என்கிட்டயே குடுக்கலாம். சமரசம் பேசறதா இருந்தா அவளாக் கேக்கணும், மத்தவங்க யாரும் போய் நிக்கக் கூடாது. விஷயமும் வெளில போகக் கூடாது. உங்க சிநேகிதி வீட்ல யார்கிட்டயும் சொல்லலையே?"

"இல்லீங்க" என்றாள் ஆனந்தவல்லி.

போனை வைத்த பிறகுதான் உறுத்தியது. பொய் சொன்னதற்காகவா, சொன்ன பொய் இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதற்காகவா, தெரியவில்லை.

"அண்ணி, மோர் இருக்கா? தொண்டை காயுது."

சதீஷ். சட்டையெல்லாம் உமித் தூசி. முடி கொஞ்சம் கொட்டத் தொடங்கியிருக்கிறது. நாலு ஜோசியர் மாறி, நாற்பது ஜாதகம் பார்த்தும் விவசாயக் குடும்பத்துப் பையனுக்குப் பெண் அமையவில்லை. அந்த வருத்தத்தை வெளியே காட்டாமல் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டு திரிகிறவன். அவனைப் பார்த்ததும் அவளுக்குப் பாசம்தான் வந்தது. அதுதான் அவளை இன்னும் குழப்பியது. கெட்டவன் என்றால் முகத்திலே ஏதாவது தெரிய வேண்டாமா?

மோர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். "ஏன் சதீஷு, அந்தக் கலைமகள் கையில என்ன காயம்?"

"அதுவா? ஆயுத பூஜைக்கு வளையல் வாங்கிக் குடுத்தேன் அண்ணி. போட்டுக்க மாட்டேன்னு ஒரே முறுக்கு. நான் விடுவனா? ஒண்ணு ஒடஞ்சிருச்சு." சிரித்தான்.

"அவ வேணாம்னாளா?"

"பொண்ணுங்க உடனே சரின்னுமா சொல்லும்? கொஞ்சம் பிகு பண்ணும். அவளுக்கும் இஷ்டந்தான்."

"இஷ்டம்னு சொன்னாளா?"

"அதெல்லாம் சொல்லணுமா என்ன?" மோரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான். "அதோட, முறை சொன்னது யாரு? நீங்கதானே அண்ணி?"

ஆனந்தவல்லிக்கு அது ஞாபகம் வந்தது. கலைமகள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். புது இடம், நூறு ஆம்பிளைகள் நடமாடுகிற மில், பயந்து நின்ற பெண்ணுக்குத் தைரியம் வரட்டும் என்று எல்லோர் முன்னாலும் தோளில் கை போட்டு, "சதீஷு, இது என் தங்கச்சி மாதிரி, பாத்துக்க" என்றாள். "அண்ணி தங்கச்சின்னா எனக்கு முறையாச்சே!" என்று அவன் கண்ணடித்தான். மொத்த ஆபீஸும் சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். கலைமகள் சிரித்தாளா என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

"சதீஷு, அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"இனிமே பேச்சுக்கு இல்ல, நெஜத்துக்குத்தான்." அவன் முகம் பிரகாசித்தது. "அண்ணன் உங்ககிட்டச் சொல்லலையா? காலைல கார எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குத்தான் போயிருக்காரு. பூ, பழம், தட்டோட. பொண்ணு கேக்க."

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் இடித்தது.

"நான் சொன்னதையெல்லாம் அவர் உங்கிட்ட சொன்னாரா?"

"என்னமோ அந்தப் பொண்ணு உங்ககிட்ட வந்து கண்ணக் கசக்குச்சாமே. அதனால என்ன? பேரு கெடாம கட்டி வெச்சிடலாம்னாரு. எனக்கும் சந்தோஷந்தான்." அவன் குரலில் சூதே இல்லை. அவன் நிஜமாகவே நல்லது நடக்கப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

ஆனந்தவல்லி நேரே முதலாளி அறைக்குப் போனாள். லியாகத் அலி போனில் லாரி வாடகை பேசிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, நான் கொஞ்சம் வெளில போகணும். அப்புறம், அந்தக் குழு போர்டுலேருந்து என் பேரை எடுத்துடுங்க."

"அடுத்த வாரம் ஆடிட்டுக்கு ஆள் வர்றாங்களேம்மா! இப்பப் போயா?"

"அதுக்காகத்தான் எடுக்கச் சொல்றேன்."

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். விளக்கினால் அது இரண்டாவது தப்பு என்று அவளுக்கு அந்தக் குழப்பத்திலும் தோன்றியது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவசரம் என்றால் அந்த ரயில்வே கேட்டுக்குத் தெரிந்துவிடும் போலிருக்கிறது. மூடியிருந்தது. ரயிலுக்கு எஞ்சினை ஒரு முனையில் கழற்றி மறு முனையில் மாட்டுகிறார்கள். முன்னால் போகிறது, நின்று யோசிக்கிறது, பின்னால் வருகிறது. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுத் தியாகராசனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. திரும்பவும் செய்தாள். கட் பண்ணிவிட்டார். நல்ல காரியம் பேசும்போது போன் எடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

போய் என்ன செய்யப் போகிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். அவர் செய்வதில் என்ன தப்பு என்று மனசின் ஒரு பாதி கேட்டது. சதீஷுக்கும் ஒரு பெண் கிடைக்கும், கலைமகளுக்கும் ஒரு வீடு கிடைக்கும், புகாரும் வேண்டாம். தான் அந்தப் பெண்ணாக இருந்தால்? இரண்டு தடவை குளித்த அந்த நாளில், மஞ்சத்தண்ணி ஊற்றியவன் வீட்டிலிருந்து தட்டோடு வந்திருந்தால்? பிறந்த வீட்டில் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். கேட் திறந்தது.

சாலையின் பாதியில் நெல் காயப் போட்டிருந்தார்கள். அதன் மேலேயே வண்டியை விட்டாள். யாரோ திட்டினார்கள்.

கலைமகள் வீட்டு வாசலில் கார் நின்றது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் தியாகராசன், கையில் காப்பி டம்ளர். அவர் எதிரே ஸ்டூலில் தாம்பாளம்: வெற்றிலை, வாழைப்பழம், தேங்காய், பந்து பந்தாக மல்லிகை. கலைமகளின் அம்மா அம்சம், புருஷன் போன பிறகு குத்தகை நிலத்தை ஒற்றை ஆளாகப் பார்த்து மகளை பி.எஸ்சி. படிக்க வைத்தவள், அவசரமாகக் கட்டிய பட்டுச் சேலையில் முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

"வாங்கக்கா, வாங்க! நீங்க வரலையேன்னு இப்பத்தான் அண்ணங்கிட்டக் கேட்டேன்."

"தட்டு மாத்தியாச்சா?"

"இன்னும் இல்லக்கா. ராகு காலம் முடியட்டும்னு அண்ணன் சொன்னாரு."

ராகு காலத்துக்கு ஆனந்தவல்லி முதல் தடவையாக நன்றி சொன்னாள்.

உள்ளறை நிலையில் கலைமகள் சாய்ந்து நின்றாள். மில்லுக்குக் கிளம்பிய சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை. கிளம்புகிற நேரத்தில் கார் வந்து நின்றிருக்க வேண்டும். அவள் அழவில்லை. ஆனந்தவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை, நீயும் வந்தே" என்றார் தியாகராசன். "பெரியவங்க கலந்து பேசிட்டா எல்லாம் தன்னால சரியாப் போயிடும். ரெண்டு குடும்பத்துக்கும் கௌரவம்."

ஆனந்தவல்லி தாம்பாளத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் இதை எடுத்துக்கிட்டுப் போக வந்தேன்."

அம்சத்தின் சிரிப்பு மறைந்தது. "ஏன்க்கா? எங்க வீட்ல என்ன குறை? அண்ணன்தானே தேடிக்கிட்டு வந்தாரு?"

"குறை உங்க வீட்ல இல்ல, அம்சம்."

"அப்ப?"

பதில் சொல்ல முடியவில்லை. சொல்வதற்கு அவளுக்கு உரிமை இல்லை. நேற்று மட்டும் இருந்ததா? இல்லாத உரிமையில் நேற்று சொல்லிவிட்டு, இன்று ஒரு தாய் கேட்கும்போது ஊமையாக நிற்கிறாள். அவளுக்கு அவமானமாக இருந்தது.

"மேடம்" என்றாள் கலைமகள். "நான் உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

ஆனந்தவல்லி பதில் சொல்வதற்குள் தியாகராசன் முந்திக்கொண்டார். "அவ சொல்லித்தாம்மா எனக்குத் தெரியும். நாங்க என்ன வேத்து மனுஷங்களா?"

"என்னடி சொன்னே? என்ன தெரியும்?" அம்சம் மகளைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், திரும்ப மகளைப் பார்த்தாள்.

கலைமகள் கையை நீட்டினாள். "கோணி ஊசி குத்துச்சுன்னு உங்கிட்டப் பொய் சொன்னேம்மா. அந்த ஆளு என் கையைப் புடிச்சு வளையல் மாட்டுனப்ப ஒடஞ்சு கிழிச்சது. விடுன்னு கத்துனேன், விடல."

வேலியோரத்துப் பெண்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

அம்சம் மெல்ல உட்கார்ந்தாள். யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தில் அது அப்படியே தெரிந்தது. "கட்டிக்கிறோம்னுதானேடி வந்திருக்காங்க?" என்றாள், மகளிடம் கேட்கிறாளா தன்னிடமே கேட்கிறாளா என்று தெரியாத குரலில்.

"கையைப் புடிச்சவன் கட்டிக்கிறேன்னு வந்தா, புடிச்சது இல்லைன்னு ஆயிடுமாம்மா? ஊரு பூரா பாத்தாச்சு. இனிமே நான் புகார் குடுத்தா, பேசுன கல்யாணம் நின்னு போன கோவத்துல குடுக்கறேன்னுதானே சொல்வாங்க?"

தியாகராசன் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் இதை யோசித்தே பார்க்கவில்லை என்பது அவர் முழித்த முழியில் தெரிந்தது. "நான் நல்லதுதான் நெனச்சேன்" என்றார் சின்னக் குரலில். அது உண்மை. அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆனந்தவல்லி ஒரு கையால் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைத் துழாவி எடுத்தாள். "ஜன்னத் பீவி நம்பர் இது. என்கிட்டக் குடுக்காதே கலைமகள். நேரா அவங்ககிட்டக் குடு. உங்க அம்மா முன்னாலயே பேசு."

"ஏய், நம்ம சதீஷுடி!" என்றார் தியாகராசன். "நீ வளத்த புள்ள!"

"ஆமாங்க" என்றாள் அவள். நம்பர் தெரியும்படி போனைக் கலைமகளிடம் நீட்டினாள். அவனைக் காட்டிக் கொடுக்கிறோமா, இந்தப் பெண்ணை இப்போதாவது காப்பாற்றுகிறோமா? இரண்டும் ஒன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

கலைமகள் தன் போனில் நம்பரை அழுத்தினாள். ஸ்பீக்கரில் பஸ் இரைச்சல் கேட்டது.

"மேடம், என் பேரு கலைமகள். மில் லேபுல வேலை பாக்கறேன். புகார் குடுக்கணும். ரெண்டு பேரு மேல."

"எழுதித் தரணும்மா, நான் உதவி பண்றேன். யார் யாரு?"

"ஒருத்தர் சதீஷ், கொள்முதல் சூப்பர்வைசர்." கலைமகள் நிறுத்தினாள். "இன்னொருத்தர்... நான் ரகசியமாச் சொன்னதை வெளில சொன்னவங்க..."

அவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. எவ்வளவு கோபம் இருந்தாலும், பயந்து நின்ற முதல் நாளில் தோளில் கை போட்டவளின் பெயரை அவள் முகத்துக்கு நேரே சொல்ல நா எழவில்லை.

"யாரும்மா அது?" என்றது போன்.

ஆனந்தவல்லி இரண்டடி முன்னால் வந்தாள்.

"ஆனந்தவல்லிங்க. குழுத் தலைவி. காலைல உங்ககிட்டப் பொய் சொன்னதும் நான்தான்."

தியாகராசன் நாற்காலியிலிருந்து எழுந்தார். மனைவியைப் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினார். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எஞ்சின் ஓட ஆரம்பித்தது. ஆனால் வண்டி நகரவில்லை. அவளுக்காகக் காத்திருக்கிறாரா, சதீஷுக்குப் போன் போடுகிறாரா என்று தெரியாமல், தாம்பாளத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல், ஆனந்தவல்லி அந்த வீட்டின் நடுவில் நின்றாள்.